சாம்ப்ளர் வருவதற்கு முன்: வானொலிக் குரலைத் தாளத்தில் உட்காரவைத்தது எப்படி?

கேள்வி இது: இசைக்கலைஞர்கள் பிரையன் ஈனோவும் டேவிட் பர்னும் 1981ல் வெளியிட்ட 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் முன்னால் ஒலிக்கும் குரல் எதுவும் அவர்களுடையது இல்லை. எல்லாம் ரேடியோவிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் எடுத்தவை. சாம்ப்ளர் (ஒலித்துண்டைப் பதிந்து கீபோர்டில் வாசிக்க உதவும் கருவி) கைக்கு வராத காலத்தில் அவற்றைத் தாளத்தோடு எப்படிப் பொருத்தினார்கள்? வீட்டுக் கணினியில் அதைச் செய்து பார்க்க முடியுமா? இதே வழியில் வேறு எதைக் கேட்கலாம்?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இன்று நாம் பொருத்துகிற அர்த்தத்தில் அவர்கள் பொருத்தவே இல்லை. ஒரு டேப் மெஷினில் வாத்திய ட்ராக், இன்னொன்றில் குரல். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுக் கேட்டார்கள். சரியாக விழவில்லை என்றால் குரல் டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, வேறொரு இடத்தில் தொடங்கி மறுபடி ஓட்டினார்கள். நன்றாக விழுந்ததை வைத்துக்கொண்டார்கள். இரண்டு மெஷினையும் ஒரே கதியில் பூட்டிவைக்கும் கருவி எதுவும் நடுவில் இல்லை.

வெறும் அதிர்ஷ்டத்தை நம்பியிருந்தால் ஒரு முழு ஆல்பம் தேறியிருக்காது. வாத்திய ட்ராக்கை அவர்கள் அமைத்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் பேஸ் கிடாரை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் அது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறுவதே அபூர்வம். நம் காதுக்குச் சொன்னால், கீழே ஒரு தம்பூரா ஓடுகிறது, அது பேஸாகவும் டிரம்ஸாகவும் வேஷம் போட்டிருக்கிறது. கார்டு நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை மாறினால், மேலே வரும் குரல் ஒவ்வொரு மாற்றத்திலும் சரியான சுரத்தில் நின்றாக வேண்டும். எங்கோ பதிவான குரல் அப்படி நிற்காது. சுருதி ஒன்றே என்றால் குரல் எந்த விநாடியில் நுழைந்தாலும் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி, குரலைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. 'ரெஜிமென்ட்' பாட்டில் வருவது லெபனான் மலைப்பகுதிப் பாடகி துன்யா யூனிஸின் குரல். ஜீன் ஜென்கின்ஸும் பவுல் ரோவ்சிங் ஓல்சனும் பதிவுசெய்து, டேன்ஜன்ட் நிறுவனம் 1976ல் வெளியிட்ட இஸ்லாமிய உலக இசைத் தொகுப்பின் ஒரு தட்டிலிருந்து எடுத்தார்கள். நாம் விருத்தம் பாடுவது மாதிரி, தாளக்கட்டு இல்லாத பாடல் அது. அதற்கென்று ஒரு தாளம் இல்லாததால், கீழே ஓடும் தாளத்தோடு அது மோதுவதும் இல்லை. நீளமாகப் பிடித்து நிறுத்தும் ஒரு சுரம் பாரின் முதல் அடியில் (தாளத் தட்டில்) முடிந்தால் திட்டமிட்டது போல இருக்கும். அடுத்த அரை அடியில் முடிந்தால் பாடகி வேண்டுமென்றே தள்ளிப் பாடுகிறார் என்று காது எடுத்துக்கொள்ளும். இரண்டு விதத்திலும் லாபம்தான்.

'ஹெல்ப் மி சம்படி'யில் வேறு வகை. 1980 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் வானொலியில் வந்த ரெவரெண்ட் பால் மார்ட்டனின் பிரசங்கம் அது. பிரசங்கியின் பேச்சில் ஏற்கெனவே தாளம் உண்டு: ஒரு வரி, ஒரு மூச்சு, திரும்ப அதே வரி. அந்த மூச்சு இடைவெளியில்தான் கிடார் புகுந்து பதில் சொல்கிறது. கவனியுங்கள், குரல் கிடாருக்குப் பதில் சொல்லவில்லை. குரல் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்த பிறகு வாத்தியங்களை மிக்ஸில் திறந்து மூடியிருக்கிறார்கள். வாத்தியங்கள் பாட்டு முழுக்க வாசிக்கப்பட்டு, பிறகு எதை எங்கே மௌனமாக்குவது என்று ஒலியளவுக் கட்டையான ஃபேடரில் முடிவாகிறது. கேட்பவருக்குப் பல்லவி, சரணம் என்று தோன்றுவது பெரும்பாலும் மியூட் பட்டனின் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீடியம் வேவ் வானொலியில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது, கீழ் ஸ்தாயியிலும் மெலிந்திருக்கும். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அடியில் பேஸுக்கும் மேலே சிம்பலுக்கும் இடம் தானாகக் காலியாகக் கிடைக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்த சுத்தமான குரலைவிட ரேடியோக் குரல் நெரிசலான மிக்ஸில் தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் செய்வதானால் முதலில் வாத்திய ட்ராக். ஒரே சுருதி, நிமிடத்துக்கு 95 முதல் 110 அடி, 4 நிமிடம் நீளம். பேஸ் ஒன்று, தட்டுவதற்கு மூன்று நான்கு பொருள், கிடாரோ கீபோர்டோ ஒன்று. அட்டைப்பெட்டியைக் கைமுட்டியால் தட்டினால் கிக் டிரம் கிடைக்கும். மைக்கைப் பெட்டியின் திறந்த வாய்க்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் 4 நிமிடமும் நிறுத்தாமல் வாசித்துப் பதியுங்கள். இப்போதே ஏற்பாடு செய்ய ஆரம்பித்தால் குரலுக்கு இடம் இருக்காது.

பிறகு குரல். சந்தையில் ஏலம் விடுபவர், மீன் விற்பவர், பிரசங்கம், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு என எதுவானாலும், ஒருவர் ஒரே மூச்சில் திரும்பத் திரும்பச் சொல்லும் பேச்சாகப் பாருங்கள். (தள்ளுவண்டிக்காரர்கள் இப்போது ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் போட்டுத்தான் வெங்காயம் விற்கிறார்கள், உங்கள் வேலையில் பாதியை அவர்களே முடித்துவிட்டார்கள்.) குறைந்தது 5 நிமிடம் தொடர்ச்சியாக எடுங்கள். பத்து விநாடித் துண்டு போதாது. சறுக்கிப் பார்க்க நீளம் வேண்டும்.

ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆடாசிட்டியோ ரீப்பரோ எதுவானாலும், குரல் ட்ராக்கை இறக்கியதும் முதல் வேலை, துண்டைத் தாளக் கோட்டில் தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைப்பது. கிரிட் கோடுகளையும் மறைத்துவிடுங்கள், கண் பார்த்தால் காது வேலை செய்யாது. இரண்டையும் ஓட்டுங்கள். குரலை அரை விநாடி, ஒரு விநாடி என்று நகர்த்தி முழுதாகக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை இப்படிப் போகும். ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் தொடங்கினீர்கள், எந்த நிமிடத்தில் மயிர்க்கூச்செறிந்தது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முழுக் குரலும் ஒரே ஓட்டத்தில் அமைவது அரிது. மூன்று ஓட்டங்களில் நன்றாக விழுந்த பகுதிகளை எடுத்துக் கோத்தால் ஒரு பாட்டு வரும்.

சுருதி ஒட்டவில்லை என்றால் வேகத்தை மாற்றுங்கள். டேப்பில் வேகம் கூடினால் சுருதியும் கூடும். அரை சுரத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம். பேச்சுக் குரலுக்கு 6 சதவீதம் வரை மேலோ கீழோ போனால் யாருக்கும் தெரியாது, 12ஐத் தாண்டினால் ஆள் மாறிவிடுவார். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றுவது, சுருதியை மட்டும் மாற்றுவது, டெம்போவை மட்டும் மாற்றுவது என மூன்று தனித்தனி வசதிகள் உண்டு. இங்கே வேண்டியது முதலாவது. மற்ற இரண்டும் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மறுபடி அடுக்குகின்றன. 'ட', 'க', 'ப' போன்ற வல்லினம் மழுங்கும், நீண்ட உயிரெழுத்தில் ஒரு நடுக்கம் வரும்.

பதிவில் மின்சார ஹம் இருந்தால், வேகத்தைத் தொடுவதற்கு முன்பே அதை நீக்குங்கள். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கப் பதிவானால் 60. அதன் மடங்குகளிலும் இருக்கும். 6 சதவீதம் ஏற்றிய பிறகு 50 என்பது 53 ஆகிவிடும், அப்புறம் ஃபில்டரை 50ல் வைத்து ஹம் போகவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து எல்லோரும் சறுக்கும் இடம் ரிவெர்ப், அதாவது செயற்கையாகச் சேர்க்கும் அறை எதிரொலி. களத்தில் எடுத்த குரலில் அந்த இடத்தின் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு மண்டபத்தைப் போட்டால் கஞ்சிதான். மாற்றிச் செய்யுங்கள்: குரலை அப்படியே விட்டுவிட்டு, வாத்தியங்களுக்கு அதே அளவு அறையைக் கொடுங்கள். குரல் வாத்தியங்களின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசரும் கவனமாக. குரலை 4:1ல் அழுத்தி அளவை ஏற்றினால், வார்த்தைகளுக்கு நடுவே இரைச்சல் மூச்சு விடுகிற மாதிரி எழும்பி அடங்கும். அதற்குப் பயந்து இடைவெளிகளை வெட்டி எறிந்தால் இன்னும் மோசம், குரல் வரும்போதெல்லாம் இரைச்சல் கதவைத் திறந்துகொண்டு வரும். பதிவிலிருந்தே பேச்சில்லாத ஒரு 5 விநாடியை எடுத்து லூப்பாக்கி, பாட்டு முழுக்க மெதுவாக ஓடவிடுங்கள். தொடர்ந்து இருக்கும் இரைச்சலைக் காது பத்து விநாடியில் மறந்துவிடும்.

எக்கோவுக்கு ஒரே ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓரடி 0.6 விநாடி, அதில் முக்கால் 450 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் ஒரே ஒரு திருப்பம் கொடுத்தால், தாளத்தைத் தவறவிட்ட சொல்லின் நிழலாவது தாளத்துக்குப் பக்கத்தில் விழ வாய்ப்பு உண்டு.

உண்மையான டேப்பில் லூப் போட நினைப்பவர்களுக்கு: விநாடிக்கு 38.1 செ.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 100 அடி போகும் தாளத்தின் ஒரு பார், அதாவது 2.4 விநாடி, 91.4 செ.மீ. டேப். பாதி வேகத்தில் 45.7. டேப்பைக் கையால் மெதுவாக, அதைப் படிக்கும் ஹெட்டின் மேல் நகர்த்தி, அடி தொடங்கும் இடத்தை மெழுகுப் பென்சிலால் பின்புறம் குறிக்கவும். வெட்டு 45 டிகிரியில். நேராக வெட்டினால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும்போது டக் என்று கேட்கும். பிளேடு காந்தம் ஏறியதாக இருந்தாலும் அதே சத்தம் வரும். இரு முனையும் முட்ட வேண்டும், ஏறிக்கொள்ளக் கூடாது. ஒட்டு நாடாவைப் பின்புறம் மட்டும் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெஷினை விட்டு வெளியே தொங்கும் பகுதியை ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி விடுங்கள். தொய்வாக இருந்தால் சுருதி ஆடும், இறுக்கமாக இருந்தால் வேகம் இறங்கும். ஸ்டாண்டை விரல்கடை அளவு நகர்த்தி நகர்த்தித்தான் சரியான இடம் கிடைக்கும்.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அந்த வேகத்தில் 2.6 மில்லி விநாடி. ஒரு சுற்றில் தெரியாது. ஆனால் இரண்டு லூப்பைச் சேர்த்து ஓட்டினால் நூறு சுற்றில் கால் விநாடி விலகியிருக்கும். இசையமைப்பாளர் ஸ்டீவ் ரீச் 1964ல் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் பதிவுசெய்த ஒரு பிரசங்கியின் குரலை இரண்டு மெஷினில் லூப் ஓட்டியபோது நடந்தது இந்த விலகல்தான். அதையே அவர் இசையாக்கினார். ஈனோ, பர்ன் வகை வேலையில் அதற்கு இடமில்லை என்பதால், தாளத்துக்கு ஒரு லூப் மட்டும் வைத்து, மற்றதெல்லாம் அதைக் கேட்டு வாசிப்பது நல்லது.

இனி சாம்ப்ளர். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் சாம்ப்ளர் 1979ல் வந்தது. ஒரே நேரத்தில் 8 ஒலி, 8 பிட், ஒரு ஒலிக்கு நினைவகம் 16,384 பைட். விநாடிக்கு 16,000 மாதிரி எடுத்தால் ஒரு விநாடி, 24,000 என்றால் 0.68 விநாடி. அவ்வளவுதான் இடம். 1981ல் வந்த முதல் எமுலேட்டர் சாம்ப்ளரிலும் ஒரு ஒலிக்குச் சுமார் இரண்டு விநாடி. பிரசங்கத்தின் ஒரு வாக்கியம்கூட இதில் அடங்காது, ஓரிரு சொல்தான் அடங்கும்.

இந்த வகை இசையை, முழுக் குரலை வைப்பது, ஒலித்துண்டை வாசிப்பது என்று இரண்டு கிளைகளாகப் பிரித்தது ரசனை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பிரித்தது நினைவகம். டேப்பில் ஆளை முழுதாக வைக்க இடம் இருந்தது, அதனால் பேசுபவரின் கோபம், களைப்பு, நம்பிக்கை எல்லாம் கூடவே வந்தன. ஃபேர்லைட்டில் ஆள் போய் 'ஆ' மட்டும் மிஞ்சியது. அந்த 'ஆ'வைக் கீபோர்டில் ஏழு சுரத்திலும் வாசிக்கலாம். ஆனால் ஒரு ஸ்தாயி மேலே போனால் நீளம் பாதியாகும், குரல் பொம்மைக் குரலாகும். இதை மறைக்காமல் அழகாக்கிய ஆல்பம் ழான் மிஷேல் ழாரின் 'ஸூலுக்' (1984). இனவியலாளர் சேவியர் பெலாஞ்சேவின் பதிவுகள் உட்பட 25 மொழிகளின் பேச்சொலி அதில் இருக்கிறது, ஒரு மொழியும் புரியாது. வாத்தியமாகவே கேட்க வேண்டும்.

1987ல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே 10 விநாடி. நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45ல் ஓட்டிப் பதிந்து, மெஷினுக்குள் சுருதியை இறக்கிவிடுவார்கள். 13.5 விநாடி கிடைக்கும், கூடவே ஒரு கரகரப்பும். அந்தக் கரகரப்புக்காக இன்றும் அந்த மெஷினைத் தேடி வாங்குகிறார்கள்.

கேட்க வேண்டியவை. ஜெர்மன் இசைக்கலைஞர் ஹோல்கர் சுகாய்தான் தொடக்கம். இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர். ரோல்ஃப் டாமர்ஸுடன் செய்த 'கனாக்சிஸ்' (1969) ஆல்பத்தில் வியட்நாம் பெண்களின் பாட்டு டேப் லூப்களின் மேல் மிதக்கிறது. பத்தாண்டு கழித்து 'மூவீஸ்' ஆல்பத்தில், சிற்றலை வானொலியில் பிடித்த பாரசீகக் குரலை வைத்து 'பெர்ஷியன் லவ்' செய்தார். ஈனோ, பர்ன் ஆல்பத்துக்கு இரண்டு ஆண்டு முந்தியது. எனக்கு இதுதான் உயர்த்தி. குரலும் கிடாரும் ஒன்றையொன்று கொஞ்சுகிற மாதிரி இருக்கும், வெட்டின தடம் தெரியாது.

டிரம்பெட் கலைஞர் ஜான் ஹாசல் அடுத்து. ஹிந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் பயின்று, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அந்த மீண்டை டிரம்பெட்டில் கொண்டுவந்தவர். ஈனோவுடன் 'ஃபோர்த் வேர்ல்ட்' முதல் தொகுதி 1980ல். 'ட்ரீம் தியரி இன் மலாயா' (1981) ஆல்பத்தில் மலேசியாவின் செமலாய் மக்கள் தண்ணீரைக் கையால் அறைந்து எழுப்பும் தாளம் லூப்பாக வருகிறது. 1983ல் 'அகா / தர்பாரி / ஜாவா'. இது ஃபேர்லைட்டில் செய்தது, மேலே சொன்ன நினைவகக் கணக்கு காதில் கேட்கும். புஷ் ஆஃப் கோஸ்ட்ஸின் ஆரம்பப் பேச்சில் ஹாசலும் இருந்தார். பிறகு தன் யோசனையை எடுத்துக்கொண்டார்கள் என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. இந்த மூன்றையும் கேட்டால் அது வெறும் பொருமல் இல்லை என்று தெரியும்.

ஏட்ரியன் ஷெர்வுட் தயாரித்த ஆப்பிரிக்கன் ஹெட் சார்ஜ் குழுவின் முதல் ஆல்பம் 'மை லைஃப் இன் எ ஹோல் இன் தி கிரவுண்ட்' (1981) தலைப்பிலேயே ஈனோவைச் சீண்டுகிறது. ஒலி இன்னும் இருட்டு. பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' (1989) சாம்ப்ளிங்கைக் கடந்து ஆட்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்த கட்டம். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன் எல். சங்கரின் இரட்டை வயலின் அதில் இருக்கிறது. எதிர்த்திசையில் ஒன்று வேண்டுமானால் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயாவின் 'கலா' (2007): முதல் பாட்டிலேயே 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' துண்டாக வரும்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது இல்லாமல் பதில் முடியாது. புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ் 1980லேயே வந்திருக்க வேண்டியது. கேத்ரின் குல்மன் என்ற மறைந்த பிரசங்கியின் குரலுக்கு அவர் சொத்தை நிர்வகித்தவர்கள் அனுமதி தரவில்லை. அந்தப் பாட்டில் வேறொரு பேயோட்டியின் குரலை வைத்து, 'தி ஜெசபெல் ஸ்பிரிட்' என்று வெளியிட்டார்கள். குர்ஆன் ஓதல் வந்த பாட்டு பிரிட்டன் முஸ்லிம் அமைப்பு ஒன்றின் ஆட்சேபத்துக்குப் பிறகு பிந்தைய பதிப்புகளில் இல்லை. 1992ல் டீப் ஃபாரஸ்ட் குழு உலகெங்கும் விற்ற தாலாட்டு, சாலமன் தீவுகளின் மலைத்தாவில் அஃபுனக்வா என்ற பெண் பாடி, ஹ்யூகோ செம்ப் பதிவுசெய்தது. கேட்டவர்கள் பலர் அதை ஆப்பிரிக்கப் பிக்மிப் பாட்டு என்றே நினைத்தார்கள்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டும் மெட்டும் தனி உரிமை. எழுதியவர், இசையமைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. தட்டு பழசு என்பதால் பாட்டும் சும்மா கிடைக்கும் என்று அர்த்தமில்லை. பழகிப் பார்க்க மட்டும் என்றால், புஷ் ஆஃப் கோஸ்ட்ஸின் 2006 மறுவெளியீட்டின்போது 'ஹெல்ப் மி சம்படி', 'எ சீக்ரெட் லைஃப்' இரண்டின் ட்ராக்குகளையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டார்கள். அவற்றை வைத்துத் தொடங்கலாம்.

நீங்களே பதிவுசெய்வதானால் ஆளிடம் கேட்டு, சம்மதத்தையும் அதே பதிவின் முடிவில் அவர் குரலிலேயே பிடித்துவிடுங்கள். அந்த ஆல்பத்தின் உறையில் ரேடியோவிலிருந்து எடுத்த குரல்களுக்கு யார், எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு வரி உண்டு. பெயர் தெரியாதவரை அடையாளம் தெரியாதவர் என்றே போட்டிருக்கிறார்கள். கோப்பைச் சேமிக்கும்போதே பெயர், ஊர், தேதி மூன்றையும் கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள். 'வாய்ஸ் ஃபைனல் 3' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து அது யார் குரல் என்று உங்களுக்கே தெரியாது.